கேட் இல்லாத காலேஜ்

இன்று காலை ஆபீஸ் கேப் வண்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் தலைவலித் தைலத்தைத் திறந்தார். வாசனை மூக்கில் ஏறியதுமே முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். பாவம், அந்த மனிதர் "சாரி மேடம்" என்று பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் மேல் எனக்கு என்ன கோபம்? நான் திரும்பியது உங்களுக்காக, அப்பா. நீங்கள் போய் இத்தனை நாளாகியும், அந்த வாசனை வந்தால் நாற்காலிக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பதினாறாம் நாளன்று சந்தோஷ் நகர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். "பொண்ணு படிப்புன்னா மனுஷன் உயிரையே விடுவார்" என்றார் உங்கள் பழைய சகா ஒருவர். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். இன்னும் கொஞ்சம் நேரம் ஹாலில் இருந்திருந்தால் எதையாவது சொல்லியிருப்பேன்.

காஞ்சன்பாக் ராணுவத் தளவாட ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாது. கேட்டால் "வேலைதான்" என்பீர்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவைத் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு உங்கள் ஃபாக்டரி கேட்டுக்கு வந்தேன். செக்யூரிட்டி என்னை வெயிலில் நிறுத்தி, பெயரைக் கேட்டு, உங்கள் பெயரைக் கேட்டு, உள்ளே போன் செய்தார். வெகுநேரம் கழித்து வந்தீர்கள். அம்மாவுக்கு என்ன என்று கேட்பதற்கு முன்னால் நீங்கள் சொன்னது: "இங்கெல்லாம் வரக்கூடாதும்மா." அன்று எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அது சரி என்றே நினைத்தேன். சில கதவுகளுக்குள் யாரும் போகக்கூடாது என்று நம்பித்தான் வளர்ந்தேன்.

நீங்கள் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சந்தோஷ் நகருக்கு வந்த வருடம்தான் நான் அந்தப் படிப்பில் சேர்ந்தேன். மாதாப்பூரில் ஒரு இ-லேர்னிங் கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டர் வழியாக மற்றவர்கள் கற்றுக்கொள்வதற்குப் பாடங்களை வடிவமைக்கிற வேலை. அதே துறையில் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் படிப்பு, முழுக்க இன்டர்நெட்டில். அது முடிந்தால் டீமை நடத்தும் பொறுப்பு எனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அங்கே மாலை வகுப்பென்றால் இங்கே விடிகாலை. வகுப்பு முடிந்ததும் குளித்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் கேபுக்கு ஓடுவேன்.

"கேட் இல்லாத காலேஜ் என்ன காலேஜ்?" என்று பால்காரரிடம்கூடச் சொல்லிச் சிரித்தீர்கள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நான் பேசுவது உங்களுக்கு வெறும் போன் அரட்டை. போவதற்கு ஃபாக்டரி இல்லை, பஸ் இல்லை. காபி டம்ளரும் நெற்றியில் தைலமுமாக என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவீர்கள். "டீச்சரம்மாவை ஏன் நீ பேர் சொல்லிக் கூப்பிடறே?" "லைட்டைப் போட்டுக்கோ." "காபி ஆறுது." மைக்கை அணைக்கவும் திறக்கவுமாகவே பாதிப் படிப்பு போனது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்தினேன். "என் வீட்ல நான் நடக்கக் கூடாதா?" என்றீர்கள். நான் ஹெட்செட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

கடைசிப் பரீட்சை வாய்மொழிப் பரீட்சை. நான் செய்த பாடத்தைப் பற்றி இரண்டு பேராசிரியர்கள் இணைப்பில் கேள்வி கேட்பார்கள். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, ஹெட்செட் கூடாது, ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும், யாரும் பதில் எடுத்துக்கொடுக்கக்கூடாது என்பது விதி. முந்தின நாள் சாப்பிடும்போது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "அப்பா, நாளைக்குக் காலைல என் ரூமுக்குள்ள வரவே கூடாது. இது பரீட்சை."

"ஹவ், ஹவ்" என்று ஊர் உருதுவில் ஆமாம் போட்டுத் தலையாட்டினீர்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சும்மா சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

புது நர்ஸ்களுக்கு, நோயாளிக்கு ரத்தம் ஏற்றக் கற்றுக்கொடுப்பது என் பாடம். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு பேராசிரியை கேட்டார்: "ஒரே ஒரு விஷயத்தைத்தான் கற்பிக்க நேரம் இருக்கிறது என்றால் எதைக் கற்பிப்பீர்கள்?" எனக்குப் பதில் தெரியும். எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன், அவ்வளவுதான். உங்கள் உத்தியோகத்தில் இன்டர்வியூவில் வாய் மூடியிருந்தால் தெரியாது என்று அர்த்தம். முதலில் தைல வாசனை வந்தது. பிறகு உங்கள் குரல்.

"முழிக்காதேம்மா, சொல்லு! நேத்து விடிகாலை க்ளாஸ்ல சொன்னியே, முதல்ல பேஷண்ட்டோட பேரைக் கேக்கணும்னு!"

நான் திரும்புவதற்குள் மைக் பக்கம் குனிந்து, "மேடம், ஷி நோஸ் மேடம். எஸ்டர்டே இட்செல்ஃப் ஷி டோல்ட்" என்றீர்கள்.

அப்புறம் பேராசிரியை மிக மரியாதையாக, இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. பரீட்சை செல்லாது, அந்தக் கடைசிப் பாடத்தை அடுத்த டெர்மில் மறுபடி படிக்க வேண்டும். ஆபீஸில் டீம் பொறுப்பு பக்கத்து இருக்கைக்காரனுக்குப் போனது.

நீங்கள் என்ன செய்தீர்கள் தெரியுமா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தீர்கள். "நான் அவங்களுக்கு ஒரு ரெப்ரசென்டேஷன் எழுதறேன். த்ரூ ப்ராப்பர் சேனல் போனா கன்சிடர் பண்ணுவாங்க."

"நக்கோப்பா, நக்கோ! நீங்க எதுவுமே பண்ண வேண்டாம்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நீங்கள் பேனாவை மூடினீர்கள். தப்புப் பண்ணிட்டேன் என்ற ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தேன். "உதவி பண்ணினது குத்தமா?" என்பதுதான் வந்தது. அடுத்த டெர்ம் தொடங்குவதற்குள் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். அந்த வார்த்தையைச் சொல்லாமலே போய்விட்டீர்கள்.

அந்த நாட்களில் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாததற்காக நான் வருத்தப்பட வேண்டும் என்று அம்மா எதிர்பார்க்கிறாள். வருத்தமில்லை. உங்கள் கேட்டின் வாசலில் நான் வெயிலில் நின்றேன். பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். என் கதவை நீங்கள் ஒருநாள்கூடத் தட்டியதில்லை. காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்தவளும் வேலைதான் செய்துகொண்டிருந்தாள் என்பது, முப்பது வருடம் பாஸ் காட்டி உள்ளே போன உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது?

மறுபடி படித்தேன். மறுபடி பரீட்சை வந்தது. அதே பேராசிரியை அதே கேள்வியைக் கேட்டார், வேண்டுமென்றேதானோ என்னவோ. "முதலில் நோயாளியின் பெயரைக் கேட்கக் கற்பிப்பேன்" என்றேன். அது என் பதில். நான் யோசித்துக் கண்டுபிடித்தது. ஆனால் சொல்லும்போது உங்கள் குரல்தான் கேட்டது. அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அத்தனை விடிகாலையும் பின்னால் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறீர்கள் என்பது அன்றுதான் புரிந்தது. புரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

பட்டம் கூரியரில் வந்தபோது அம்மா அதை உங்கள் படத்தின் முன்னால் வைத்தாள். நான் எடுத்துக்கொண்டேன்.

"அப்பா பாக்கட்டும்டி" என்றாள்.

"பாக்கணும்னா ரூமுக்கு வரட்டும். தட்டிட்டு வரட்டும்."

பட்டம் என் அறைச் சுவரில்தான் இருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. அம்மாவின் அறைக்குள் நுழையும்போதும் நான் தட்டுகிறேன். "திறந்துதானேடி இருக்கு, நான் என்ன கலெக்டரா?" என்று சிரிக்கிறாள். தலைவலி வந்தால் அவள் தடவிக்கொள்வது நீங்கள் மிச்சம் வைத்துப் போன தைலத்தைத்தான். சாத்திய கதவின் இடுக்கு வழியாக வாசனை மட்டும் உள்ளே வரும். நான் வேலையை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

கோபம் குறையவில்லை, அப்பா. வருவதென்றால் தட்டுங்கள். முதலில் பெயரைக் கேட்பேன். சொல்லுங்கள். திறக்கிறேன்.