டேங்க் மேல் இருந்த ஹெல்மெட்

வாசலில் பெட்ரோல் நாற்றம் இன்னும் போகவில்லை. உங்கள் சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் காலையில் வந்து, ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். நீங்கள் போய் நாளையோடு ஒரு வருஷம். அதற்காகக் கம்பத்திலிருந்து சின்னமனூர் வரைக்கும் பைக் ஊர்வலமாம்.

“மதினி, அண்ணே வண்டிக்கு மாலையப் போட்டு முன்னால விடுறோம். சாவியக் குடுங்க. எப்பிடி ஓட்டுவாக அண்ணே!” என்றான் ஒருவன்.

“ஒருத்தராச்சும் ஹெல்மெட் போட்டு வந்தீகளா?” என்றேன்.

“உள்ளூருக்குள்ள எதுக்கு மதினி?” என்று சிரித்தார்கள். சாவியைத் தராமல் கதவைச் சாத்தினேன்.

மோட்டார் சைக்கிள் என்றால் என்ன? எஞ்சின் வைத்த சைக்கிள். அந்தச் சொல்லுக்கு அதற்கு மேல் ஒரு பொருளும் கிடையாது. ஸ்டாண்ட் போடாவிட்டால் நிற்கக்கூடத் தெரியாத இரும்பு. நீங்களோ அதைச் சிங்கம் என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுவீர்கள், அதுவும் என் ஷாம்பூ. வாழைக்காய் மண்டிக்குப் போக எதற்கு இத்தனை அலங்காரம் என்றால், “ஆம்பளைக்கு வண்டிதான்டி மரியாத” என்பீர்கள். மரியாதையாம்!

ஹெல்மெட் டேங்க் மேல் உட்கார்ந்து வரும். காக்கிச்சட்டை கண்ணில் பட்டால் தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும். ஏதோ போலீஸ்காரரின் மண்டையைக் காப்பாற்றத்தான் அதை வாங்கியதுபோல இங்கே எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். அன்று உத்தமபாளையம் வளைவில் மாடு குறுக்கே வந்தபோதும் அது டேங்க் மேல்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அதை என் கையில் கொடுத்தார்கள். ஒரு கீறல் இல்லை.

உங்களையும் உங்கள் கூட்டத்தையும் திட்டித் திட்டியே இந்த வருஷத்தைக் கடத்தினேன். உண்மையில் எல்லாரையும்விட எனக்கு அருவருப்பு என் மேல்தான். யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். வண்டி வாங்கிய புதிதில் ஒரு மாதம் ஹெல்மெட்டை ஒழுங்காக மாட்டிக்கொண்டுதான் போனீர்கள். ஒரு நாள் கழற்றியபோது முன்முடி வேர்வையில் மண்டையோடு ஒட்டியிருந்தது.

“இதையே மாட்டிக்கிட்டுத் திரிங்க. தீபாவளிக்குள்ள முழு வழுக்கதான். அப்புறம் உங்க கூட நான் வெளிய வரமாட்டேன்” என்று சிரித்தேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அதை டேங்க் மேல் வைத்துக்கொண்டு கிளம்பினீர்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை. இப்பத்தான் அழகா இருக்கீக என்று வேறு சொன்னேன்.