கோயில் பிளக்

இன்று காலைப் பூசையில் நற்கருணை வாங்கக் கையை நீட்டியபோது விரலில் பெட்ரோல் வாசனை அடித்தது. கிளம்பும் நேரத்தில் ஸ்கூட்டர் மக்கர் பண்ணியதால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்திருந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. சாமியார் கண்டுகொள்ளவில்லை. எனக்குத்தான் உன் ஞாபகம் வந்து, முழங்காலில் நின்றும் ஜெபம் ஓடவில்லை.

நீ ஃபாக்டரி டூல்ரூமில், நான் ஸ்டோர்ஸில் இருந்த காலம். ரிட்டயர் ஆன ஆபீசர் ஒருவரிடமிருந்து அந்தப் பழைய பியட்டை வாங்கி மௌலா அலி குவார்ட்டர்ஸுக்கு ஓட்டி வந்தாய். ஒரே மாதத்தில் எஞ்சின் ஹெட்டைக் கழற்றி, அடிப்பக்கத்தைச் செதுக்கி, கம்ப்ரஷனை ஏற்றிவிட்டாய். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்களே, அந்த வண்டி அப்படித்தான் ஆனது.

அப்புறம் ஆரம்பித்தது பிளக் வம்பு. பழைய ஹாட் பிளக்கோடு விரட்டினால், அது சூட்டை வெளியே விடாமல் தணலாகி, எஞ்சினுக்குள் சுத்தியல் அடிக்கும். சூட்டைச் சட்டென்று கடத்திக் குளிர்ந்துவிடும் கோல்ட் பிளக் போட்டால் ரோட்டில் ராஜா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் மாமியாரையும் அவர் தோழிகளையும் ஏற்றிக்கொண்டு செகந்திராபாத் கோயிலுக்கு ஊர்ந்து போகும்போது கரி பிடித்து நடுவழியில் நின்றுவிடும். எந்தப் பிளக் சரி என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒவ்வொன்றாகப் போட்டு, ஓட்டி, கழற்றி அதன் மூக்கு நுனியைப் பார்ப்பாய். கறுத்திருந்தால் குளிர்ச்சி அதிகம், வெளுத்திருந்தால் சூடு அதிகம், காபித்தூள் நிறம் என்றால் சரி. "மூக்கைப் பாத்தாலே வயித்துல என்னன்னு சொல்லிடலாம்டா" என்பாய். கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இல்லவே இல்லை என்று முடிவுகட்டி இரண்டு செட் வாங்கினாய். ஊர்ந்து போக ஹாட்டில் கோயில் பிளக் நாலு, விரட்ட கோல்டில் ரோட்டு பிளக் நாலு. பூசை முடிந்ததும் வேப்பமரத்தடியில் நான் செட்டை மாற்றுவேன், இருவரும் ஷாமீர்பேட் ரோட்டுக்குப் பறப்போம். கிழவிகள் நம்மைத் திட்டிக்கொண்டே ரிக்‌ஷாவில் திரும்புவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மதராஸ் பந்தயத்துக்கு ஊரிலிருந்து ஒரே ஒரு ஆளை மோட்டார் கிளப்காரர்கள் ஷாமீர்பேட் பக்கம் ஓட்டவைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள். உனக்கு அது எவ்வளவு பெரிது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆறு மாதமாக வேறு பேச்சே இல்லை உனக்கு. பூசைக்குப் பிறகு ஒரு ஞானஸ்நானத்துக்கு ஆர்மோனியம் வாசிக்க வேண்டியிருந்ததால், "அதுக்குள்ள ரோட்டு செட்டைப் போட்டுடுடா. எஞ்சின் கொதிக்கும், கை பத்திரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய்.

அன்றைக்கென்று என்னைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். நான் புது வெள்ளை டெரிலின் சட்டையில் நின்றேன். பெண்ணின் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர்; முற்றத்தில் மாதா சிலை இருக்கும் கெபி பக்கத்தில் என்னை நிறுத்திவைத்துப் பூர்வீகம் எல்லாம் விசாரித்தார். கரிக்கையோடு அவர் முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. போகிற வழியில் எங்காவது நிறுத்தி மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் நீ வந்துவிட்டாய்.

"மாத்திட்டியா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திட்டேன்" என்றேன்.

வழியிலாவது சொல்லியிருக்கலாம். ஆல்வால் தாண்டும்போது வாயைத் திறந்தேன். நீ விசிலடித்துக்கொண்டு ஓட்டினாய், அவ்வளவு சந்தோஷம். கொஞ்ச தூரம்தானே, தாங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில் வண்டி புகை கக்கி நின்றது. பிஸ்டனில் ஓட்டை. நீ பிளக்கைக் கழற்றினாய். மூக்கு வெளுத்து உருகியிருந்தது. அதன் மேலிருந்த நம்பரைப் பார்த்தாய்; கோயில் செட். என்னைப் பார்க்கவில்லை. துணியில் சுற்றி வைத்துவிட்டு, கிளப்காரர்களிடம் "ராங் பிளக். மைஞ்ச் டாலா" என்றாய். நான்தான் போட்டேன் என்றாய்! "பிளக்கிச் நை மாலூம், ரேஸ் கைக்கு?" என்று ஒருவன் சிரித்தான். பிளக்கே தெரியாதவனுக்குப் பந்தயம் எதற்காம். தலைமயிர் கனத்துக்கும் பிசகாமல் இரும்பைக் கடைகிறவனை ஊரே அப்படிப் பேசியது. நான் ஸ்பானர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் உன்னைக் கூப்பிடவே இல்லை. வண்டியைச் சரிசெய்து எடுத்த முதல் ஞாயிறே பிளக் மாற்றும் வேலையைப் பழையபடி எனக்குத்தான் கொடுத்தாய். ஒரு தடவைகூட பானெட்டைத் திறந்து சரிபார்க்கவில்லை. நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நம்பினாய் பார், அதுதான் என்னைக் கொன்றது. அந்தப் பெண்ணையே கட்டினேன். மாப்பிள்ளைத் தோழனாக நின்றதும் நீதான்.

இன்றைக்கும் அவள் "கேஸை மூடிட்டீங்களா?" என்று கேட்டால், மூடியது நன்றாக ஞாபகம் இருந்தாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன். "தாத்தா, கித்னி பார்?" எத்தனை தடவை என்று பேரன் கேலி பண்ணுகிறான். பண்ணட்டும்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த சாயங்காலம், உன் மனைவியை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினாய். அவர் வெளியே போனதும், "அவ வர்றதுக்குள்ள சொல்லுடா" என்றாய். எதை என்று நீ சொல்லவில்லை. எனக்குப் புரியாமலும் இல்லை. இத்தனை வருஷமும் நானாகச் சொல்வேன் என்று பொறுத்திருந்திருக்கிறாய்.

நான் "சாப்டியா?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தாய். பிறகு "ஹவ், ஆமா, சாப்ட்டேன்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாய். டீயும் வந்துவிட்டது.

நான் மாத்தலடா. சட்டை அழுக்காயிடும்னு மாத்தல.