நீ உன் பெயரில் பதிந்த என் கருவி

பால்கனியில் நுளம்புத்திரி கொளுத்தினேன். இந்த வருடம் ஜெர்மனியில், எங்கள் பான் நகரத்திலும் நுளம்பு கூட; ரைன் கரைப் பக்கம் வீடென்றால் சொல்லவே வேண்டாம். புகை மூக்கில் ஏறியதும் கியோட்டோ விடுதி அறை நினைவுக்கு வந்தது, கூடவே நீயும். செத்து ஆறு மாதமாகியும் கூப்பிடாமல் வருகிறாய். வந்தது நல்லதுதான். உன் காப்புரிமையை நான் உடைக்கப் போகிறேன். அதை உன்னிடமே சொல்லவேண்டும்.

கியோட்டோவில் நடந்த, சட்டமும் புத்தாக்கமும் என்ற அந்தக் கோடை வகுப்புக்குச் சிநேகிதிகள் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் போனோம். நீ சட்டம், நான் இயந்திரவியல். கை நடுங்கும் அப்பாவுக்காக நான் செய்த கருவி என் பையில் இருந்தது. மருந்துக் குளிசை அட்டையை அதில் வைத்து அழுத்தினால் ஒரே ஒரு குளிசை கிண்ணத்தில் விழும். அதை எல்லாருக்கும் முன்னால் காட்டப் பயந்தேன். பதியமுதல் வெளியில் சொன்னால் உரிமை போய்விடும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். நீதான் தரைப்பாயில் படுத்தபடி, "விசரி, சொன்ன பிறகும் பதிய ஒரு வருசம் தருவினம். நேற்றுத்தானே படிப்பிச்சவை. பயப்பிடாமல் காட்டு" என்றாய்.

காட்டினேன். நீ என்னை அறிமுகப்படுத்தினாய். கைதட்டினார்கள். அடுத்த நாள் கடைசி வகுப்பு. நீ சாமான் வாங்கக் கடைக்குப் போய்விட்டாய். அந்த ஒரு வருடம் ஜப்பானில்தான், ஐரோப்பாவில் வாய் திறந்த அன்றே எல்லாம் முடிந்தது என்று ஆசிரியை சொன்னபோது நான் தனியே உட்கார்ந்திருந்தேன். என் மடத்தனத்தை நினைத்து வெட்கப்பட்டு உன்னிடம்கூடச் சொல்லவில்லை. அப்போது உன்மேல் கோபமும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, வேலையிடத்தில் காப்புரிமைப் பதிவுகளில் வேறெதையோ தேடும்போது என் கருவியின் படம் திரையில் வந்தது. அப்பாவின் கட்டைவிரலுக்கு அளவெடுத்து நான் வளைத்த வளைவு அப்படியே இருந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும். ஜப்பானிலிருந்து வந்த நாலாம் மாதமே மியூனிக்கில், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருக்கிறாய். அந்த மாதம்தான் எங்கள் வீட்டில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து, "சுகமா இருங்கோ மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாய். உனக்குத்தான் என்ன நெஞ்சழுத்தம்.

நான் மூச்சு விடவில்லை. பெருந்தன்மை என்று நினைக்காதே. காப்புரிமை கொடுத்த பிறகுதான் எதிர்ப்பு மனுப் போடலாம், அதற்கு ஒன்பது மாத அவகாசம். நீ ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டு உச்சியில் நிற்கும்போது காலை வாரவேண்டும் என்று காத்திருந்தேன். உன் கலியாணத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு படத்துக்கு நின்றேன். தை மாதம் மூளையில் இரத்தம் கசிந்து இரண்டே நாளில் நீ போய்விட்டாய். சித்திரையில் காப்புரிமை வந்தது.

உன் கணவர் அதைக் கண்ணாடி போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். போன கிழமை போய் நேரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவ இப்ப இல்லையெல்லே. பேராவது இருக்கட்டுமே. செத்த ஆளோடை என்ன கோவம் உங்களுக்கு?"

"அது என்ர அப்பாவின்ர கைக்குச் செய்தது. உங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு எனக்குத் தெரியும். ஆனா விடமாட்டன்."

கியோட்டோவில் கருவியைக் காட்டிய அன்று நாங்கள் பேசியதை வகுப்பு நடத்தியவர்கள் படம்பிடித்து, நீ பதியமுதலே இணையத்தில் போட்டிருந்தார்கள். இன்னும் அங்கேயே கிடக்கிறது. இன்று பின்னேரம் மனுவோடு அதையும் சேர்த்து அனுப்பினேன். முதலில் கேட்பது உன் குரல்தான். இது முழுக்க இவளின் யோசனை, நான் பெட்டி தூக்க வந்தவள் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிக்கிறாய். உனக்கு எதிராக நீயே சாட்சி.

காப்புரிமை விழுந்தால் எனக்கும் ஒன்றும் கிடைக்காது. யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம். கிடக்கட்டும். உன் பெயர் அதில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

முடிவு வரும் நாளில் உன் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்றே இத்தனை வருடம் இருந்தேன். முகத்துக்கு நேரே கத்துவதற்கு ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து வைத்தேன். எல்லாம் இன்னும் என்னிடமே இருக்கிறது. களவெடுத்ததையாவது ஒருநாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. நான் சண்டை பிடிக்கமுதல் செத்துப்போனதை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.