யாரும் அடிக்காத காயம்

கடலூர்,
வைகாசி வெள்ளி, 1966

விசாகப்பட்டினம் துறைமுகத்துல இருக்கற என் அண்ணன் மவன் சின்னதம்பிக்கு, உன் கோவத்தையும் கையையும் அந்தப் பாடலீஸ்வரர்தான் புடிச்சு நிறுத்தணும்னு கும்பிட்டுக்கிட்டே அத்தை ரத்தினம்மாள் எழுதுறது.

உன் கடுதாசி வந்துது. ரயில விட்டு எறங்குனதும் உன் மச்சான் சிற்றம்பலத்தோட கழுத்த அறுத்து கடல்ல வீசுவேன்னு எழுதியிருக்க. கத்தி கூட வாங்கிட்டியாமே? வாங்குன எடத்துலயே திருப்பிக் குடுத்துடு ராசா. அவன் உன் தங்கச்சி குணசுந்தரிய அடிக்கல. ஒரு நாளும் அடிக்கல. உன் தம்பி ஆண்டி உனக்குத் தந்தி அடிச்சப்ப, அவன் அடிக்கலங்கறது எங்களுக்கே தெரியாது.

நடந்தத சொல்றேன், பதறாம படி. ஏழாம் மாசம்னு பொண்ண சிதம்பரத்துலேருந்து அழைச்சாந்து வளைகாப்பு வச்சோம். சந்தனம் பூசலாம்னு முந்தானைய வெலக்குனா, தோள்ல, தொடையில, முதுகுல எல்லாம் கன்னிப் போயி நாவப்பழமா கெடக்குது. காலு பூரா செவப்புப் புள்ளி. பொம்பளைங்க அத்தன பேரும் வாயப் பொத்திக்கிட்டாங்க. யாருடி அடிச்சதுன்னா, யாரும் அடிக்கல அத்தை, தானா வருதுங்குது. தானா வருமா? புருஷன காட்டிக் குடுக்க மாட்டேங்குறான்னு நாங்களே முடிவு கட்டிட்டோம். நம்ம குப்பத்துல எந்தப் பொண்ணு உண்மைய சொல்லியிருக்கா?

சிற்றம்பலம் அண்ணாமலை நகர் ஹாஸ்டல்ல சமைக்கறவன் இல்லையா, தானே சுட்ட அதிரசத்தத் தாம்பாளத்துல ஏந்திக்கிட்டு அப்பதான் சிரிச்சுக்கிட்டே வாசல்ல நுழையிறான். ஆண்டி துடுப்ப எடுத்து வாயிலயே போட்டான். பல்லு தெறிச்சு அதிரசத்து மேல விழுந்துது. விழுந்தவன நம்ம குப்பத்துப் பசங்களும் சேந்து ஏறி மிதிச்சானுங்க. மீன் வெட்டுற கட்டையில கைய வச்சு, இந்தக் கைதானேடா அடிச்சுதுன்னு கேட்டுக் கேட்டு துடுப்பாலயே ஒடைச்சாங்க. எலும்பு வெளிய வந்துடுச்சு. அவன் கத்துன கத்தல் இன்னும் எங்காதுல கேக்குது. வயித்துப் புள்ளைய தூக்கிக்கிட்டு குணா குறுக்க விழுந்துது. யாரு முழங்கையோ மூக்குல பட்டுது. லேசாத்தான்.

அந்த ரத்தம் நிக்கல சின்னதம்பி. மஞ்சப்பொடி வச்சேன், காப்பித்தூள் வச்சேன், மாரியாத்தா துண்ணூறு வச்சேன். என் சீல நனைஞ்சு சொட்டுது. ஈறுலேருந்தும் வருது. ரெண்டு பேரையும் ஒரே கார்ல போட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுனோம்.

டாக்டரம்மா நெஞ்செலும்புல ஊசி குத்தி உள்ள இருக்கற மஜ்ஜைய உறிஞ்சிப் பாத்துட்டு எங்களத் திட்டுன திட்டு இருக்கே! அப்புறம் நம்ம பாஷையில சொன்னாங்க. எலும்புக்குள்ள பெரிய பெரிய அணு இருக்காம். அது பிஞ்சு பிஞ்சு பொடித்துண்டா ரத்தத்துல கலக்குமாம். தட்டணுக்கள்னு அதுக்குப் பேரு. நம்ம படகு இடுக்குல பஞ்சு வச்சு அடைக்கறோம்ல, அது மாதிரி நரம்புல எங்க ஒழுக்கு வந்தாலும் இதுங்க போயி ஒட்டிக்கிட்டு அடைக்குமாம். குணாவுக்கு எலும்பு செய்யறதுல கொறை இல்ல. வயித்துல இருக்கற மண்ணீரல்தான் அதுங்கள ஆயுசு முடியறதுக்குள்ளயே முழுங்கித் தீக்குதாம். அதான் கொடத்த இடுப்புல வச்சாக் கூட கன்னிப் போவுது. புருஷன் அடிக்கணும்னே இல்ல. கடவுள் மனுஷன எப்பிடியெல்லாம் பண்ணி வச்சிருக்கான் பாரு, கண்ணுக்குத் தெரியாத பொடிதான் உசுரப் புடிச்சு வச்சிருக்கு.

மாத்திரை குடுக்கறாங்க. அதுக்குக் கேக்கலன்னா மண்ணீரல அறுத்து எடுக்கணுமாம். வயித்துப் புள்ளையோட அத எப்பிடி செய்யறதுன்னு அவுங்களே யோசிக்கறாங்க. பாட்டில்ல எடுத்து வச்ச பழைய ரத்தம் ஒதவாதாம், அந்தப் பொடி கொஞ்ச நாள்லயே செத்துடுமாம். அப்பப்ப ஆளு வந்து புதுசா குடுக்கணும். மச்சான அடிச்சதுக்குப் புடிச்சு வச்சிருக்கற ஆண்டிய, ரத்தம் குடுக்க போலீஸு கை வெலங்கோட கூட்டியாந்துது. துடுப்பு புடிச்ச கைதான், ஊசியப் பாத்ததும் மயங்கி விழுந்துட்டான். தண்ணி தெளிச்சு எழுப்பித்தான் எடுத்தாங்க. மச்சான் மொகத்தப் பாக்கணும்னு கேட்டான். சிற்றம்பலம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான். அவன் மேல தப்பு சொல்ல முடியுமா? அந்தக் கையால இனிமே கரண்டி புடிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

இப்ப விசயத்துக்கு வரேன். உன் கடுதாசிய பக்கத்து வூட்டு மாரியம்மாள் குணா காதுல போட்டுட்டா, அந்த ஓட்ட வாயிய என்ன செய்யலாம்? டாக்டரம்மா குணாகிட்ட, எந்திரிக்கவே கூடாது, கால் தடுக்கி விழுந்தா தலைக்குள்ள ரத்தம் கசியும், அப்புறம் யாராலயும் முடியாதுன்னு சொல்லியிருக்காங்க. அப்பிடியும் நாங்க கண்ணசந்தா போதும், செவுத்தப் புடிச்சுக்கிட்டே ஆம்பள வார்டுக்குப் போயி புருஷன் கட்டில் கால்மாட்டுல உக்காந்துக்குது. வாசலயே பாக்குது. என்னடி பாக்கறன்னா, அண்ணன் வந்தா மொதல்ல என்னதான் தாண்டணுங்குது.

அண்ணன் ஒண்ணும் பண்ண மாட்டான்னு நான் சொன்னா நம்பல. தில்லைக் காளி மேல சத்தியம் பண்ணேன், அப்பவும் நம்பல. நீதான் வரணும் ராசா. வெறுங்கையோட வா. நேரா அது முன்னால வந்து நின்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டு. அப்பவாவது அது தன் கட்டிலுக்குப் போயி படுக்கட்டும்.

நீயும் உன் கையும் நல்லா இருக்கணும்.

உன் அத்தை,
ரத்தினம்மாள்