நான்கு வாசல் நீதிமன்றமும் என் கையெழுத்தும்

அன்பு மகள் ப்ரென்னாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம். எடின்பரோ மழையிலும் நீ நலமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அதற்கு மேல் எழுத நல்ல செய்தி என்னிடம் இல்லை. இன்னும் பதினெட்டு நாளில் மாவட்டக் குழு நம் நீதிமன்றத்தை இடிப்பதா என்று வாக்கெடுக்கிறது. குழுவின் மூவரில் இருவர் இடிப்பதென்றே முடிவு செய்துவிட்டார்கள். அதைச் சுற்றியுள்ள சதுக்கத்தின் எந்தப் பக்கத்துக் கடைக்காரனும் தன்னைப் புழக்கடையில் தள்ளிவிட்டதாகக் குறை சொல்லக் கூடாதென்று, 1887-இல் நான்கு திசைக்கும் நான்கு தலைவாசல் வைத்துக் கட்டியவர்கள், ஆற்றுக் களிமண்ணை இங்கேயே சூளையிட்டுச் சுண்ணாம்புச் சாந்தில் கோபுரம்வரை எழுப்பினார்கள். நூற்றிருபது குளிர்காலம் தாங்கிய அந்தச் செங்கல் இன்று பொடியாக உதிர்கிறது. நேற்றைய கூட்டத்தில் மாவட்டக் குழுத் தலைவர் ராஸ்கர், "என்ன கர்ட், உன் கிழவி தினமும் பவுடரா உதிர்க்கிறா, இன்னும் எத்தனை நாளைக்குத் தாலாட்டு பாடப் போற?" என்றார், சபை சிரித்தது. நெடுஞ்சாலையோரத்தில் கட்டப்போகும் புதிய நீதிமன்றத்தின் படத்தைக் காட்டி, "இதுக்கு ஒரே வாசல்தான், எவனும் சண்டைக்கு வரமாட்டான்" என்றார். உதிர்வதன் காரணம் எனக்குத் தெரியும்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், பழைய சாந்தைச் சுரண்டி இடுக்கெல்லாம் சிமெண்ட் அடைக்கச் சொல்லி, பழுதுபார்ப்புக் குழுத் தலைவனாகக் கையெழுத்திட்டவன் நான். கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருந்த நீ மேற்கு வாசலில், சாரத்தடியில் நின்று, "அப்பா, இது மெத்துனு இருக்குற செங்கல், சாந்து வழியாத்தான் மூச்சு விடும், சிமெண்ட் வெச்சா ஈரம் உள்ளயே உறைஞ்சு கல்லைத் தின்னுடும்" என்று கெஞ்சினாய். வேலையாட்கள் பார்த்திருக்க, "முதல்ல பட்டம் வாங்கு, அப்புறம் பாடம் எடு" என்றேன். அதன்பின் நீ இந்தக் கட்டடத்தைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

குழுவின் பொறியாளர் 'முதுமை' என்ற ஒரே சொல்லோடு முடித்துவிட்டார். அதை மறுக்கத் தகுதியுள்ளவர் இங்கு எவருமில்லை. பழைய சுவர்களைக் காப்பதே உன் தொழில். இத்துடன் விரைவஞ்சலில் மேற்குச் சுவரின் துண்டொன்று வருகிறது: செங்கல் போய்விட்டது, சிமெண்ட் மட்டும் நிற்கிறது. சோதித்து, சிமெண்டை எடுத்துவிட்டால் சுவர் பிழைக்குமா என்று அறிக்கை எழுது. தவறு யாருடையது என்று பெயரோடு எழுது. பெயரை மறைத்தால் ராஸ்கர் அதையும் முதுமை என்றே வாசிப்பார்.

ஈரச் சாரத்தில் ஏறும்போது கையுறை போட மறக்காதே. உன் கை தொட்ட சுவரெல்லாம் நிலைக்கட்டும். அன்று உன்னை எல்லார் முன்னிலையிலும் அடக்கினேன். உன் அறிக்கையையும் எல்லார் முன்னிலையிலும் நானே வாசிப்பேன். இரக்கப்பட்டு எழுதிவிடாதே.

அந்த உத்தரவில் உள்ள அதே கையெழுத்துடன்,
உன் அப்பா,
கர்ட் ஹேவர்காம்ப்