பெட்டிக்கு ஒரு பாவாடை

ஜூன் 3, செவ்வாய்

வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடலாம் என்று சென்னை அலுவலகம் சொல்லிவிட்டது. சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். ஒரு மாதம் பார்ப்பார்களாம். சரிவரவில்லை என்றால் சென்னைக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும். மேலாளர் புனிதா மேடம் சொன்னதற்கெல்லாம் "சரிங்க மேடம்" என்றேன். எனக்கு அது நீண்ட உரையாடல்.

எல்லோரும் கேட்கிறார்கள், லேப்டாப் வாங்கலாமே என்று. அதே காசுக்கு டெஸ்க்டாப்பில் வேகம் அதிகம், பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கலாம். இதை அம்மாவின் தையல் மெஷினுக்கு மட்டும் விளக்கிச் சொன்னேன். அது மறுக்கவில்லை.

வீட்டில் காலியாக இருப்பது டிவிக்குக் கீழே உள்ள அலமாரித் தட்டு ஒன்றுதான். இன்ச் டேப்பால் அளந்து பார்த்தேன். சாதாரண கம்ப்யூட்டர் பெட்டி, அதாவது கேபினெட், நுழையாது. சின்னதாக வேண்டும்.

ஜூன் 5

அப்பாவிடம் அளவைக் கையால் காட்டினேன்.

"இம்மாம் துட்டு குடுத்து டிபன் பாக்ஸு வாங்கினு வரச் சொல்றியா?"

அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை எடை போடுகிறவர். எதுவும் மூட்டை அளவுக்காவது இருக்க வேண்டும். போதாததற்கு, "எம் பொண்ணு ஊட்லயே ஆபீஸ் வச்சிக்கினு வேலை செய்யப் போவுது" என்று மண்டி முழுக்கச் சொல்லியாயிற்று. மண்டி ஆட்கள் பார்க்க வருவார்களாம். எதை? என்னையா, பெட்டியையா?

ஜூன் 7, சனி

விழுப்புரம் போனோம். கடைக்காரர் தென்னரசு அப்பாவிடம் மட்டுமே பேசினார். கம்ப்யூட்டர் படித்ததே அப்பாதான் என்கிற மாதிரி.

சின்னப் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. இன்னொன்று கறுப்பு, எல்லாப் பக்கமும் சின்னச் சின்ன ஓட்டை. எனக்கு வேண்டியது அதுதான். இடுக்கான தட்டில் காற்றோட்டம் வேண்டுமே.

"இன்னாப்பா இது, சல்லடையாட்டம்?" என்றார் அப்பா. அவர் கண் விளக்கிலேயே இருந்தது.

"பாப்பாவுக்கு எது புடிச்சிருக்கு?" என்று கடைசியாகத்தான் தென்னரசு என் பக்கம் திரும்பினார்.

சொல் வாய்வரை வந்தது. "எதுன்னாலும் சரிங்க" என்று வெளியே வந்து விழுந்தது. ஏன்? ஏன்டி?

பஸ்ஸில் கண்ணாடிப் பெட்டி அப்பா மடியில். "இன்னாங்க, மீன் தொட்டியா?" என்றார் கண்டக்டர். "கம்ப்யூட்டருங்க! எம் பொண்ணுக்கு!" — கடைசி சீட்டுவரை கேட்டது. திண்டிவனம் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தேன்.

ஜூன் 9

ஓடுகிறது! அம்மா கண்ணாடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். அப்பா டிவியை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்க்கிறார்.

ஜூன் 12

எதிர்பார்த்ததுதான். எங்கள் வீட்டில் டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, காஸ் சிலிண்டருக்கும் சுருக்கம் வைத்த உறை. இதற்கு மட்டும் இல்லாமல் இருக்குமா? அம்மா தைத்துவிட்டாள். ஊதா ஜாக்கெட் துணி, கீழே ஃபிரில்.

"பொட்டிக்குப் பாவாடையா? வெளக்கு எப்டித் தெரியும்?"

"தூசி பூந்தா நீங்களா வந்து தொடைப்பீங்க?"

அப்பா தூக்குகிறார், அம்மா இறக்குகிறாள். நான் நடுவில் தூணும் ஜன்னலும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 17

போச்சு.

வீடியோ காலில் புனிதா மேடத்துக்கு வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. தொட்டால் தோசைக்கல். நான் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா பூனை மாதிரி வந்து உறையை மாட்டியிருக்கிறாள். "வீடியோல நாலு பேரு பாக்கறாங்கோ, அயகா இருக்கட்டுமேன்னுதான்..."

உறையைக் கழற்றிப் போட்டேன். மதியத்துக்குள் மறுபடியும் அணைந்தது. ஆக, பாவாடை மட்டும் குற்றவாளி இல்லை. சுற்றிலும் சுவர், முன்னால் கண்ணாடி. காற்று எந்த வழியாக வரும்?

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சென்னைக்கு வந்துடுங்க வெண்ணிலா" என்றார் மேடம்.

ஜூன் 18

அப்பாவிடம் சொன்னேன். கண்ணாடிப் பெட்டி வேண்டாம், ஓட்டைப் பெட்டிதான் வேண்டும், அன்றைக்கே வேண்டியிருந்தது. மூன்று வாக்கியம், மூச்சு விடாமல்.

அப்பா பெட்டியின் விளக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப வெளக்கு?"

"வெளக்கு இருக்காதுப்பா."

"ஞாயித்துக்கெயம மண்டி ஆளுங்க வர்றாங்களேம்மா..."

ஜூன் 19

விழுப்புரத்துக்குத் தனியாகப் போனேன். பெட்டி என் மடியில்.

"வித்தத எப்டிம்மா மாத்தறது? அப்பாவ இட்டுனு வா, பேசிக்கலாம்."

"பொட்டி எனக்குங்க. அப்பாவுக்கு இல்ல. அந்தக் கறுப்புல எல்லாத்தையும் மாட்டிக் குடுங்க. அப்பறம் இங்கயே ஓடவுட்டுக் காட்டுங்க, சூடாவுதான்னு பாத்துட்டுத்தான் போவேன்."

தென்னரசு ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். "அன்னிக்கு வந்தது நீதானா, இல்ல உன் தங்கச்சியா?"

எனக்குத் தங்கச்சி இல்லை. சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு பேச்சு போதும்.

ஜூன் 22, ஞாயிறு

மண்டி ஆட்கள் வந்தார்கள். அதற்கு முன்பே அப்பா எங்கிருந்தோ ஒரு சீரியல் செட் விளக்குச் சரம் வாங்கி வந்து அலமாரியைச் சுற்றி மாட்டிவிட்டார். மாரியம்மன் கோயில் திருவிழா தோற்றது. பெட்டியை யாரும் கவனிக்கவில்லை. அப்பாவுக்குப் பரம திருப்தி.

அம்மா கொசுவலைத் துணியில் புது உறை தைத்திருக்கிறாள். "காத்து பூருதா பாரு." பூருகிறது. ஃபிரில் மட்டும் அப்படியே.

ஜூலை 4, வெள்ளி

பெட்டி அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அணையவில்லை. இன்று வீடியோ காலில் புனிதா மேடம், "சென்னை வேண்டாம், அங்க இருந்தே பண்ணுங்க" என்றார். "சரிங்க மேடம்" என்றேன்.

பிறகு அவர் திரைக்கு அருகில் வந்து பார்த்தார். "உங்களுக்குப் பக்கத்துல என்ன அது, மினுக் மினுக்னு?"

பழைய நானாக இருந்தால் கேமராவை அணைத்திருப்பேன்.

"எங்க ஆபீஸ் லைட்டுங்க மேடம். ஓனரே மாட்டினாரு."

சமையலறையில் அம்மா சிரிப்பது கேட்டது. மேடத்துக்கும் கேட்டிருக்கும்.