ஒரு கரண்டி பழைய மாவு

மைசூரு
3.8.2024

என் சங்கரிக்கு,

நலம்தானே? தறியில் இப்போது என்ன நிறம் ஓடுகிறது? போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். போன வருடம் உங்கள் வீட்டு இட்லி மாவிலிருந்து பிரித்தெடுத்தேனே லாக்டிக் அமில பாக்டீரியா, அது என்னைக் கைவிட்டுவிட்டதுடி.

தப்பு என்னுடையது. எட்டு மாதமாகக் குளுக்கோஸ், ஈஸ்ட் சாறு, இறைச்சிச் சாறு என்று விருந்து வைத்தே வளர்த்தேன். (உங்கள் சைவ வீட்டு மாவுக்குக் கறிச்சாறு! அம்மாவிடம் சொல்லித் தொலைக்காதே.) அதில் ஒரே நாளில் பெருகிச் சோதனைக் குழாயே கலங்கிவிடும். இப்போது அரிசியும் உளுந்தும் ஊறிய தண்ணீரில் விட்டால், மூன்று நாளாகியும் தெளிந்தே கிடக்கிறது. ஊட்டி ஊட்டி வளர்த்ததில், தானியத்திலிருந்து தன் சாப்பாட்டைத் தானே பிரித்தெடுக்கும் வேலையே அதற்கு மறந்துவிட்டது. முதலில் எடுத்துவைத்த மாதிரியும் உறைபெட்டி பழுதாகி வீணாகிவிட்டது. டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஐந்து வருட உழைப்பும் போச்சு. கொஞ்சம் மாவு அனுப்புவாயா?

உன் ஜோதிகா

பிள்ளையார்பாளையம்
9.8.2024

ஜோதிக் கண்ணு,

இதோடு மாவு வருகிறது. எப்போதும்போல் பழைய மாவில் ஒரு கரண்டி விட்டு அம்மா கலந்ததுதான். டப்பா வெடிக்காமல் நாலு சுற்று டேப் ஒட்டியிருக்கிறேன். தறியில் அரக்கு, பச்சைக் கரை. மாவு கேட்கத்தான் என் ஞாபகம் வருமா உனக்கு?

சங்கரி

மைசூரு
17.8.2024

சங்கரி,

கோபிக்காதே. டப்பா வெடித்தேவிட்டது. வழியில் வேறு கிருமிகளும் ஏறிவிட்டன. மாவு பொங்கும்போதே, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, பானையிலிருந்து நானே எடுக்க வேண்டும். அதாவது ஒரு பகல் முழுக்க உங்கள் அடுப்படியில் நான் இருக்க வேண்டும்.

கேட்கவே நாக்கு எழவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை நாட்களில் உன் டப்பாவில் எனக்கும் சேர்த்து இட்லி வைத்தது உன் அம்மாதான். அது இல்லாவிட்டால் கணக்குப் பரீட்சையில் மயங்கி விழுந்திருப்பேன். மாகறல் காலனிப் பெண் என்று தெரிந்ததும் என்னைக் கூடம் தாண்ட விடாததும் அவர்கள்தான். நன்றியும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. முடியாதென்றால் முடியாதென்றே எழுது.

ஜோதிகா

பிள்ளையார்பாளையம்
25.8.2024

ஜோதி,

என்னைத் திட்டு. உன் கடிதம் வந்தபோது தறியில் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தேன், கை ஒழியவில்லை. நல்ல செய்திதான் என்று நினைத்து, அம்மாவையே சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டேன்.

கூடம் என்ற இடத்தில் குரல் நின்றுபோனது. எனக்குத் திரும்பிப் பார்க்கவே பயம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு சொல்றது நெஜந்தான்" என்றாள். அப்புறம், "வரச்சொல்லு. கூடத்துல நின்னுக்கினு எப்டிமா மாவு எடுக்கும்?" என்றாள்.

உன் முதல் கடிதத்தையும் தேடியெடுத்துப் படித்துவிட்டாள். "கறி போட்டு வளத்தா வூட்டுச் சோறு எறங்குமா?" என்று ஒரே சிரிப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு.

சங்கரி

மைசூரு
24.11.2024

என் உயிர்ச் சங்கரி,

வளர்ந்துவிட்டதுடி! அரிசி உளுந்துத் தண்ணீரே பன்னிரண்டு மணி நேரத்தில் பால்போல் கலங்கிவிட்டது. ஆய்வேட்டையும் கொடுத்துவிட்டேன். நன்றியுரையில் முதல் பெயர் உன் அம்மா காமாட்சியம்மாள்.

அன்று உங்கள் அடுப்படியில் உன் அம்மா, "கையக் கழுவினியா?" என்றதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மறுநொடியே உன்னையும் அதையே கேட்டார்கள். பிறகு, "நீயே உப்புப் போட்டுக் கலக்குமா" என்று பானையை என் பக்கம் தள்ளினார்கள். மணிக்கட்டுவரை மாவோடு நான் அழுததை நீ பார்த்திருப்பாய். அந்தப் பகலுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. மாலையில் நான் பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த மாவை என்ன செய்தார்கள்? மறைக்காமல் எழுது.

ஜோதிகா

பிள்ளையார்பாளையம்
30.11.2024

அடி பைத்தியமே,

அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத்தான் அடுத்த மாவைக் கலந்தாள். அதிலிருந்து ஒரு கரண்டி அதற்கடுத்த மாவுக்கு. இன்று காலை நாங்கள் சாப்பிட்ட இட்லியும் அதன் வழி வந்ததுதான்.

இதை எழுதும்போது அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். "அன்னிக்கு உப்பு தூக்கலா இருந்துச்சு, அடுத்த தபா கம்மியாப் போடச் சொல்லு" என்கிறாள்.

சங்கரி